வோல்நட் பலகை பதிக்கப் போகிறீர்களா? முதலில் மாரி மழையை யோசியுங்கள்

இந்த மாரியிலும் கிளிநொச்சியில் ஒரு வீடு. எட்டு அங்குல அகல வோல்நட் பலகை, கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியது, ஆவணியில் பதித்திருக்கிறார்கள். மார்கழியில் எனக்கு அழைப்பு. ஹோலில் குந்தியிருந்து பலகைக்குக் குறுக்கே கையை ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் இரு ஓரமும் மேடு, நடு பள்ளம். சுவரோரம் முட்டி நிலத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது, மிதித்தால் அமிழ்ந்து எழும்புகிறது. "இவ்வளவு விலை குடுத்த மரம் தம்பி, வார்னிஷும் அடிச்சிருக்கு, எப்பிடி ஈரம் குடிக்கும்?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

போகிற வீடெல்லாம் இதே கேள்வி. விலைக்கும் ஈரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை! முதிரையோ தேக்கோ வோல்நட்டோ, காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலத்தில் பருக்கும், குறைந்தால் சுருங்கும். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதுவும் மேல்முகத்துக்குத்தான் அடிக்கிறோம், அடிமுகம் வெறுமனே கிடந்து கொங்கிறீட்டிலிருந்து ஏறுகிற ஈரத்தைக் குடிக்கிறது. கனடா வீடுகளுக்கென்று அந்தப் பலகையை 6 முதல் 9 வீத ஈரத்துக்கு உலர்த்துகிறார்கள். மழையில் நிரம்பி இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கிற மாதங்களில், இங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் அதே மரம் 15 வீதத்தை எட்டிவிடும். எட்டு அங்குலப் பலகை ஒன்று 3, 4 மில்லிமீற்றர் பருக்கும். பன்னிரண்டடி அறையில் பதினெட்டுப் பலகை, மொத்தம் இரண்டு அங்குலத்துக்கு மேல். சுவர் விடாது, பிறகு மேலேதானே கிளம்பும்?

உடனே சாண்ட்பேப்பர் அடித்து மட்டமாக்கித் தரச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரத்தோடு ஓரத்தைச் சீவினால், சோளகக் காற்று அடித்து மரம் காயும்போது நடு மேடாகி நிற்கும், அதைத் திருத்த இன்னும் மரத்தைத்தான் தேய்க்க வேண்டும். கோடை வரை பொறுங்கள், பாதி தானே இறங்கும்.

பதிக்கப் போகிறவர்கள் கேளுங்கள். நாலு அங்குலக் கொங்கிறீட்டுக்குக் குறைந்தது நாலு மாதக் காய்ச்சல் வேண்டும், மாரி மாதங்களை அதில் சேர்க்காதீர்கள். ஒரு சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி நிலத்தில் ஒரு நாள் விடுங்கள், அடியில் வியர்த்திருந்தால் பலகைக் கட்டை அவிழ்க்கவே வேண்டாம். வியர்க்காவிட்டாலும் ஈரம் அளக்கிற மீற்றர் வைத்துப் பார்க்கிறவரைக் கொண்டே பதியுங்கள். அடியில் தடித்த பொலித்தீன், சுவரோரம் அரை அங்குல இடைவெளி, அதைச் சுவரடியில் அடிக்கிற ஸ்கேர்ட்டிங் பட்டி மறைக்கும். கறையான் மருந்து அதற்கு முன்னமே.

பிள்ளைகளிடம் முழு மரம் கேட்காதீர்கள். பிளைவூட்டின் மேல் வோல்நட் ஒட்டிய பலகை இந்த மண்ணுக்கு எவ்வளவோ மேல், அசைவு குறைவு. (வோல்நட் வெயிலில் வெளிறும், யன்னலுக்குத் திரை போடுங்கள்.)

அப்புறம் அம்மாமாரே, பொங்கலுக்கு வாளி வாளியாக ஊற்றிக் கழுவாதீர்கள். நன்றாகப் பிழிந்த துணி போதும். ஆளில்லாத வீடென்றால், மழை விட்ட நேரம் பார்த்து யாரையாவது கொண்டு யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.