ஸ்கேன் செய்துவிட்டோம், இனி நூலகம் எதற்கு?

சென்ற மாதம் செந்தூலிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தையார் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. வீட்டை வாடகைக்கு விட வேண்டியிருக்கிறது. "நான்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறதம்மா. எல்லாம்தான் இப்போது இணையத்தில் கிடைக்கிறதே, பழைய பேப்பர் லாரிக்குப் போட்டுவிடலாமா, இல்லை உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டார். 'சூராட் காபார் லாமா' (மலாயில் 'பழைய செய்தித்தாள்') என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு குடியிருப்புகளைச் சுற்றும் அந்த லாரி எதையும் கிலோ கணக்கில்தான் எடுக்கும். நாடெங்கும் கிடைக்கும் நாவலும், உலகில் வேறெங்கும் இல்லாத தோட்டப் பள்ளி மலரும் அதன் தராசில் ஒன்றுதான்.

கோலாலம்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் எனக்கு இந்தக் கேள்வி புதிதன்று. இணையத்தில் தமிழ் நூல்கள் குவிந்திருப்பது உண்மை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் திட்டம், சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றை நானே மாணவர்களுக்கு நாள்தோறும் காட்டிக்கொடுக்கிறேன். ஆனால் அவற்றில் மலாயாத் தமிழர் அச்சிட்டவை எத்தனை என்று தேடிப் பார்த்தால் சோர்வுதான் மிஞ்சும். கோவில் குடமுழுக்கு மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, இளைஞர் மணிமன்றச் சிற்றேடு, கைக்காசு போட்டு அச்சிட்ட கவிதைத் தொகுப்பு ஆகியவை யாரோ ஒருவருடைய அலமாரியில் மட்டுமே இருக்கின்றன. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளேடு 2019 ஜனவரி இறுதியுடன் நின்றபோது வருந்தியவர்கள் பலர். அதன் பழைய இதழ்களைத் தேடி நூலகத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதை விடவும் என்னைக் கவலைப்படுத்துவது, "நாங்கள்தான் எல்லாவற்றையும் கணினியில் வைத்திருக்கிறோமே" என்று நிம்மதியாக இருப்பவர்களின் நிலை. ஒரு சங்கத்தின் செயலாளர் 1990-களில் வெளிவந்த ஆண்டு மலர்களின் கோப்புகளை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தார். அச்சுப் படிகளை இடமில்லை என்று அப்போதே கழித்துவிட்டார்களாம். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிக் கிடந்தன. ஒரு சொல் கூடத் தமிழாக இல்லை. காரணம் எளியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அது நம் கணினிகளில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை அவரவர் முறைப்படி ஏற்றி வைத்திருந்தார்கள். பாமினி என்ற எழுத்துருவில் தட்டியதைத் திஸ்கி என்ற வேறொரு முறையின் எழுத்துருவில் படிக்க முடியாது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உண்டு. அதைச் சொல்லக்கூடிய தட்டச்சாளர் எங்கிருக்கிறார் என்று செயலாளருக்குத் தெரியவில்லை. பக்கங்களை அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளோ விற்பனையிலிருந்து மறைந்து பல காலமாகிறது. மூன்று வாரம் போராடி ஏழு மலர்களில் நான்கை மீட்டோம். மற்ற மூன்றையும் உறுப்பினர் யாராவது வீட்டில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள்.

படமாக ஸ்கேன் செய்திருந்தால் எழுத்துருச் சிக்கல் இல்லை. வேறு சிக்கல் வருகிறது. படத்துக்குள் இருக்கும் சொற்களைக் கணினி தேட வேண்டுமானால் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் அவற்றைப் படித்தாக வேண்டும். தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'னை' போன்றவை யானைத் துதிக்கை போல வளைந்திருக்கும். 'றா', 'னா' ஆகியவற்றின் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். எழுத்துணரி அந்த இடங்களில் தடுமாறி வேறு எழுத்தைப் போட்டுவிடுகிறது. ஆகவே, தேடியபோது வரவில்லை என்பதற்காக நூலில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதை முதலாண்டு மாணவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் போதுவதில்லை.

எங்கள் பட்டியலிலேயே அப்படிப்பட்ட ஒரு கண்ணி இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய தமிழ் நூல்களின் பதிவுகள் பன்னாட்டு நூலக முறைப்படி ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதப்பட்டவை. அம்முறையில் 'சிறுகதை' என்பது ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தில் தொடங்கும். படிக்க வருபவரோ தம் பெயரை எழுதும் பழக்கத்தில் 'எஸ்' என்று தட்டுகிறார், அல்லது தமிழிலேயே தட்டுகிறார். திரை வெறுமையாக நிற்கிறது. நூல் இரண்டடி தள்ளி அடுக்கில் இருக்கிறது. முன்பெல்லாம் நூற்பட்டியல் அட்டைகள் இருந்த பெட்டியின் பக்கத்தில் நாங்கள் நின்றிருந்தோம், கேட்டார்கள். இப்போது தேடிய சுவடே இல்லாமல் போய்விடுகிறார்கள். பழைய பதிவுகளுக்குத் தமிழ் எழுத்திலும் தலைப்பைச் சேர்க்கும் வேலையை மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் இதற்கு ஆள் கேட்டால் கிடைப்பதில்லை.

மின்னூல் வாங்கிவிட்டால் எல்லாம் தீரும் என்பது நிர்வாகங்களின் நம்பிக்கை. யுனெஸ்கோ கோலாலம்பூரை 2020-ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகரமாக அறிவித்திருந்தது. ஏப்ரல் 23-இல் அது தொடங்குவதற்குள் மார்ச் 18-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நூலகக் கதவுகள் அடைபட்டுவிட்டன. அந்த மாதங்களில் மின்னூல்கள் பெரிதும் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் நூலகம் மின்னூலைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதில்லை, உரிமம் பெறுகிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பு நிறுவனம் 2011-இல் ஒரு மின்னூல் 26 முறை இரவல் போனதும் நூலகம் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது நினைவிருக்கலாம். அச்சு நூல் முதுகு பிய்ந்தாலும் ஒட்டிக் கொடுப்போம். உரிமம் முடிந்த நூல் ஒரு காலையில் பட்டியலிலிருந்தே காணாமற்போகும்.

இதற்கிடையே, புத்தகம் கேட்காமலே நூலகத்துக்கு வருபவர்கள் கூடிவிட்டார்கள். 2024-இன் முதல் மூன்று மாதங்களில், குடும்பங்களின் பொருளாதார விவரங்களைத் திரட்டும் 'பாடு' தரவுத்தளத்தில் பதிந்துகொள்ள அரசு சொன்னபோது, எங்கள் கல்லூரிக்குத் தொடர்பே இல்லாத பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். இது நூலகர் வேலையா என்று சக ஊழியர் ஒருவர் முணுமுணுத்தார். நூலகர் வேலைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. செயற்கை அறிவு தந்த நூற்பட்டியலைக் கொண்டுவந்து, அதிலுள்ள நூல்களை எடுத்துத் தரும்படி கேட்கும் மாணவர்களும் வருகிறார்கள். பட்டியலில் சில நூல்கள் எழுதப்பட்டதே இல்லை என்று மென்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீண்டும் அலமாரிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரின் புத்தகங்கள் இருந்தால், முதலில் எதையும் பிரித்து அடுக்காதீர்கள்; அவர் வைத்திருந்த வரிசையே ஒரு செய்தி. கைப்பேசியில் ஒவ்வொரு தட்டையும் முதுகெழுத்து தெரியும்படி படமெடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்து மங்கிவிடும். ஆவணமாக இணைத்தால் அப்படியே வந்து சேரும். ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ-க்குக் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறைய வேண்டாம். கோப்புக்கு 'ஸ்கேன் 0001' என்று கணினி இட்ட பெயரை விட்டுவிடாமல் தலைப்பு, ஊர், ஆண்டு மூன்றையும் இடுங்கள். ஒரு படி வீட்டுக் கணினியிலும், ஒன்று தனி வன்தட்டிலும், ஒன்று வேறொருவர் வீட்டிலும் இருக்கட்டும். ஸ்கேன் செய்த உடனே முகநூலில் ஏற்றிவிடவும் கூடாது. மலேசியாவில் நூலாசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் நூல் வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் மறப்பதில்லை. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலின் 5 படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மிச்சப் படிகளைக் கறையான் தின்ற பிறகும் அந்த ஐந்து இருக்கும்.

செந்தூல் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை நானும் உதவியாளர் தம்பியும் போனோம். நான்கு அலமாரியில் பெரும்பாலானவை எங்களிடம் ஏற்கெனவே இருப்பவை. அவற்றை ஒரு தமிழ்ப்பள்ளி வளமையத்துக்குக் கொடுக்கச் சொன்னோம். அடித்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், தலைமையாசிரியர் தம் பள்ளியின் கையெழுத்து இதழ்களைக் கட்டி வைத்திருந்தார். அவற்றுக்கு அச்சுப் படியோ மின் படியோ எதுவும் இல்லை. மகன் அவற்றைப் பார்த்ததே இல்லையாம். டின்னை அப்படியே தரச் சொன்னோம். தாள்களைக் கோத்திருந்த இரும்புக் கிளிப்புகளை மட்டும் அங்கேயே கழற்றினோம். நம் ஊர் ஈரத்துக்கு முதலில் துருவேறித் தாளைத் தின்பவை அவைதாம்.