வீடியோவைப் பார்த்து குதிரைக்கு முன்பணம் கட்டாதீர்கள்

நான் குதிரை மருத்துவர். போன மாதம் ஓர் அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்குப் பதினான்கு வயது, குதிரையில் தடைதாண்டும் போட்டியில் இறங்க ஆசை. அப்பா கைப்பேசியை நீட்டி, "நல்லாத்தானே தாவுது டாக்டர், முன்பணம் கட்டிடலாமா?" என்றார். ஜெர்மனியில் குளிர்காலத்தில் எடுத்த வீடியோ, குதிரையின் மூச்சு புகைபோல வந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: இது நம் சிங்கப்பூர் வெயிலில் வியர்க்குமா?

குளிர்நாட்டிலிருந்து வரும் சில குதிரைகள் இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். அன்ஹைட்ரோசிஸ் என்போம். சவாரி முடித்துச் சேணத்தைக் கழற்றினால் அடியில்கூட ஈரம் இருக்காது, மூக்கு விரிந்து, விலா அடித்துக்கொண்டு மூச்சு வாங்கும். வாங்குவதற்கு முன் எந்தப் பரிசோதனை செய்தாலும் இதை முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான், இங்கேயே ஓரிரு வருடம் இருந்து பழகிய குதிரையை முதலில் தேடுங்கள் என்கிறேன். பிள்ளை தேசிய சேவைக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ போவதால் நல்ல குதிரையை விற்கும் குடும்பங்கள் உண்டு, சவாரி கிளப்பில் விசாரியுங்கள். சில மாதம் லீஸுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

முன்பு கிராஞ்சி பந்தயத் திடலிலிருந்து ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் வரும். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்ததோடு அந்த வழி அடைபட்டது. அப்படி வந்தவற்றில் அருமையான குதிரைகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் வேகமாக ஓட மட்டுமே பழகியதற்குப் பொறுமையாகப் பல மாதம் மறுபயிற்சி வேண்டும், அதைப் புதிதாகப் பழகும் பிள்ளையிடம் விடாதீர்கள்.

வெளிநாட்டில்தான் வாங்குவேன் என்றால், சரி, நேரில் போங்கள். நீங்கள் வரும்வரை குதிரையை லாயத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முன்னாடியே ஓட்டிக் களைப்பாக்கினால் முரட்டுக் குதிரையும் சாதுவாகத் தெரியும். மருத்துவர் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவருடைய மருத்துவர் வேண்டாம். குதிரையின் காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு, உடனே கெட்டித் தரையில் ஓடவிடச் சொல்லுங்கள். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். வலிமருந்து கொடுத்து மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க ரத்தமும் எடுக்க வேண்டும். விமானக் கட்டணம், தனிமைப்படுத்தும் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்த அப்பா பணம் கட்டவில்லை. மகள் இப்போது ஒரு கிளப்பில் பதினைந்து வயதுக் குதிரையை ஓட்டிப் பார்க்கிறாள். போன சனிக்கிழமை இறங்கியதும் சேணத்துக்கு அடியில் கையை விட்டு, நனைந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினாள்.