மீநுண் பால்மம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள மளிகைக் கடையொன்றில், இளமை முழுவதும் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் மஞ்சள்கிழங்குப் பானப் பெட்டியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். 'நானோ எமல்ஷன்' என்று படித்துக் காட்டினேன். "அப்படின்னா?" என்று அவர் கேட்டதற்குரிய விடையை இங்கு எழுதுகிறேன்.

'எமல்ஷன்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் பால் கறந்தெடுத்தலைக் குறிக்கும் வினைச்சொல். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியபோது, வாதுமைப் பருப்பை நீர்விட்டு அரைத்துப் பிழிந்த வெண்சாற்றை அது குறித்தது; நம் வீடுகளில் தேங்காயைத் துருவிப் பிழிவதும் அதே வேலைதான். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றுக்குள் சிறு துளிகளாகப் பரவி நிற்கும் நிலை என்பதே அதன் இன்றைய அறிவியல் பொருள். தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைச் சுற்றித் தேங்காயின் புரதம் படலமாகப் படிந்து, அவை ஒன்றுசேராமல் காக்கிறது; அடுப்பில் நெடுநேரம் கொதித்தால் அப்படலம் குலைந்து எண்ணெய் பிரிந்து மிதக்கும்.

தமிழ்ப் பாடநூல்கள் இதற்குப் 'பால்மம்' என்ற சொல்லை ஆள்கின்றன. கூழிலிருந்து கூழ்மம் ('கொலாய்டு') பிறந்ததுபோலப் பாலிலிருந்து பால்மம் பிறந்தது, வேர்ப்பொருளும் சிதையவில்லை. மூலச்சொல்லுக்கு இத்தனை நெருக்கமாக அமைந்த கலைச்சொற்கள் நம்மிடம் அதிகம் இல்லை. தோட்டத்து மக்களுக்கு இது இன்னும் அணுக்கமானது. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடியும் ரப்பர் பால், நீரில் ரப்பர்த் துகள்கள் பரவிய, பால்மத்திற்கு நெருங்கிய நீர்மம். எடுக்காமல் விட்டால் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டிப்பாலாகிவிடும் என்பதை அந்தப் பாட்டி என்னைவிட நன்றாக அறிவார்.

'நானோ' கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1960இல் பன்னாட்டு அலகு முறையில் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக இடம்பெற்றது. நேர்ப்பொருள் பார்த்தால் குள்ளனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான 'குறள்' பொருந்தும். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் இன்று எல்லாருக்கும் நூலே நினைவுக்கு வரும். 'நுண்' என்பதோ நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று 'மைக்ரோ'வுக்கு நிலைத்துவிட்டது. ஆகவே மிகுதியைக் குறிக்கும் 'மீ' சேர்த்து 'மீநுண்' என்பதே ஏற்றது என்பேன்.

உணவில் இதற்கு என்ன வேலை? மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. அதனால் வெறும் நீரில் கலந்து குடித்தால் அதில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறும். அதை எண்ணெயில் கரைத்து, லெசித்தின் அல்லது பால் புரதம் போன்ற உண்ணத்தகு பொருளைப் படலமாக்கி, மிகு அழுத்தத்தில் 200 நானோமீட்டருக்கும் குறைவான துளிகளாக உடைத்தால் கிடைப்பதே மீநுண் பால்மம். 10 மைக்ரோமீட்டர் (10,000 நானோமீட்டர்) துளியை 100 நானோமீட்டர்த் துளிகளாக்கினால் அதே எண்ணெயின் மொத்தப் புறப்பரப்பு நூறு மடங்காகும். குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதி விரைந்து வேலை செய்ய, பித்த உப்புகள் குர்குமினைக் குடற்சுவர்வரை ஏந்திச் செல்லும். கேரட்டிலும் செம்பனை எண்ணெயிலும் உள்ள பீட்டா கரோட்டினுக்கும் இவ்வழி பொருந்தும். எனினும், ஒரு சத்து மிகுதியாக உறிஞ்சப்படுவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. குர்குமினைக் குடற்சுவரும் கல்லீரலும் விரைவில் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன.

'நானோ' என்று மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. செரித்துவிடும் எண்ணெய்த் துளியையும், வெண்ணிறம் கூட்டச் சேர்க்கும், செரியாத டைட்டானியம் டை ஆக்சைடு துகளையும் அச்சொல் ஒரே பையில் போட்டுவிடுகிறது. பின்னதை உணவில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை விதித்தது. 'பால்மம்' என்ற சொல்லும் சேர்ந்தால்தான் உள்ளே இருப்பது எண்ணெயும் நீரும் என்று படிப்பவருக்குத் தெரியும்.

துளிகள் மிகச் சிறுத்தால் ஒளியைச் சிதறடிக்கும் ஆற்றல் குறைந்து, வெண்மை நீங்கி நீர்மம் தெளிந்துவிடும். பால் நிறமே இல்லாததைப் பால்மம் எனலாமா என்று சிலர் கேட்கலாம். கலைச்சொல்லாகிவிட்ட பின் பெயர் நிறத்தைச் சார்ந்ததன்று, அமைப்பைச் சார்ந்தது. ஆதலால் 'மஞ்சள் மீநுண் பால்மம்' என்று பெட்டியில் அச்சிடத் தடையேதும் இல்லை.