அருவ ஓவியம்: சொல் விளக்கம்

பேச்சில் 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று சொல்வதைத்தான் தமிழில் அருவ ஓவியம், அரூப ஓவியம் என்று எழுதுகிறோம். ஆள், மரம், வீடு என்று எதையும் அடையாளம் காட்டாமல், நிறத்தையும் கோட்டையும் வடிவத்தையும் மட்டுமே நம்பி நிற்கும் ஓவியம்.

மூலம் லத்தீன்: 'அப்ஸ்ட்ராஹெரே'. 'அப்ஸ்' என்றால் விலக்கி. 'ட்ராஹெரே' என்றால் இழுப்பது. டிராக்டர் என்ற சொல்லும் இந்த 'இழுப்பதில்' பிறந்ததுதான். ஆக, ஒன்றிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பதே ஆப்ஸ்ட்ராக்ட். ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் இருப்பது அதனால்தான். உருவம் இல்லாமை என்ற பொருள் மூலச் சொல்லில் கிடையவே கிடையாது.

சரி, எதிலிருந்து எதைப் பிரிப்பது? கட்டடத்தைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். சுவர் ஒரு தளம், சன்னல் ஒரு செவ்வகம், தூண் ஒரு செங்குத்துக் கோடு. டச்சு ஓவியர் பியட் மோந்திரியான் 1914இல் வரைந்த ஓவியம் ஒன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீள்வட்டத்துக்குள் கறுப்புக் கோடுகள், இடையிடையே இளஞ்சிவப்பும் நீலமும். பாரிஸ் கட்டடங்களின் முகப்புகளைப் பார்த்துப் போட்ட கோட்டோவியங்களிலிருந்து வந்தது அது. உற்றுப் பார்த்தால் 'கூப்' (KUB) என்ற மூன்று ரோமன் எழுத்துகள் தென்படும். ஒரு சூப்புக் கட்டி விளம்பரப் பலகையின் மிச்சம். சுவரும் சன்னலும் போய்விட்டன, அவற்றின் அடுக்கு தங்கிவிட்டது. அதே ஆண்டு ஓவியர் பால் க்ளே துனீசியா போனார். கைருவான் நகரை அவர் தீட்டிய நீர்வண்ணங்களில் வீடுகள் வண்ணக் கட்டங்களாகக் கரைகின்றன. குவிமாடங்கள் மட்டும் ஆங்காங்கே தெரிகின்றன. அப்புறம் ஓவியமே கட்டடத்துக்குத் திரும்பிய கதையும் உண்டு: 1924இல் டச்சுக் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் உத்ரெக்ட் நகரில் கட்டிய ஷ்ரோடர் வீட்டில், தளங்களும் சிவப்பு, நீலம், மஞ்சள் நிறங்களும் மோந்திரியானின் ஓவிய மொழியிலேயே பேசுகின்றன.

இனி தமிழ்ச் சொல். 'நவீன ஓவியம்' பொருந்தாது. நவீன ஓவியத்தில் மனித முகம் தாராளமாக வரும். 'கருத்தோவியம்' என்றால் கருத்துக்கே முதலிடம் தரும் வேறொரு கலைவகையோடு குழம்பும். 'அரூபம்' பழகிய சொல்தான், வடமொழி வழி வந்தது. அதற்கு நேரான தமிழ் வழக்கு 'அருவம்'. நான் அதையே எழுதுவேன். ஆனால் 'வடிவமே இல்லாதது' என்று அதைப் படிக்கக்கூடாது. சதுரமும் வட்டமும் வடிவங்கள்தானே? பொருளின் அடையாளம் கழன்றது என்றே கொள்ள வேண்டும். இந்தச் செயலை 'அருவமாக்கல்' எனலாம்.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலைகளைச் சொல்லும், இலிங்கம் அருவுருவம். க்ளேயின் கைருவான் ஓவியங்கள் போல, பாதி அடையாளம் தெரிந்தும் பாதி கரைந்தும் நிற்பவற்றுக்கு இந்த மூன்றாவது சொல் அச்சாகப் பொருந்துகிறது. 'அரை அருவம்' என்று புதிதாக ஒட்டுப்போட வேண்டியதில்லை. 'அருவுருவ ஓவியம்' என்றே எழுதலாம்.