ஆர்க்வி[0] உங்கள் நிரலின் முகவரி அல்ல

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு. அங்கே லேபிள் அச்சிடும் நிரல், டெர்மினலில் கையால் இயக்கினால் ஒழுங்காக ஓடியது. அதிகாலை 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் க்ரான் இயக்கும்போது மட்டும், அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பைக் காணோம் என்று நின்றுவிட்டது. இதே பிழைக்காக இந்த மாதத்தில் நான் போன மூன்றாவது இடம் அது.

நிரல் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் சரங்களின் பட்டியல் ஆர்க்வி; அதன் முதல் சரம் ஆர்க்வி[0]. அதில் கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதையே தன் கோப்பகம் என்று நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. அது இயக்குதளத்தின் மையமான கெர்னல் சரிபார்த்துத் தரும் முகவரி என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை: நிரலைத் தொடங்கும் எக்ஸெக்வியை அழைப்பவர் எழுதி அனுப்பும் வெறும் சரம் அது, அதில் அவர் எதையும் எழுதலாம். டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் ஷெல் பொதுவாக நீங்கள் தட்டச்சு செய்ததையே அனுப்பும். நிரல்களைத் தேடவேண்டிய கோப்பகங்களின் பட்டியலான பாத் வழியாகக் கண்டெடுத்த நிரலுக்கு வெறும் பெயர்தான் போகும், சாய்கோடே இருக்காது. லாகின் ஷெல்லுக்கு அந்தப் பெயரின் முன்னால் ஒரு சிறுகோடு கூட ஒட்டிக்கொண்டு வரும். 2022 ஜனவரியில் வெளியான பிகேஎக்ஸெக் (வேறொரு பயனரின் அனுமதியோடு நிரலை இயக்கும் கருவி) பாதுகாப்பு ஓட்டையில் அந்த ஆர்க்வி பட்டியலே காலியாக அனுப்பப்பட்டது, கெர்னல் 5.18 முதல் அங்கே ஒரு வெற்றுச் சரமாவது இருக்கும், ஆனால் வெற்றுச் சரத்தை வைத்து எந்தக் கோப்பகத்தைத் தேடுவீர்கள்?

கிடங்கின் க்ரான்டேப்பில், அதாவது க்ரானின் வேலைப் பட்டியலில், மேலே பாத் வரியும் கீழே வெறும் பெயரும் இருந்தன. சாய்கோடு இல்லாததால் நிரல் நடப்புக் கோப்பகத்தையே தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது; க்ரான் வேலையைத் தொடங்குவது பயனரின் ஹோம் கோப்பகத்தில் என்பதால், கான்ஃபிக்கை அங்கேயே தேடியது நிரல். “ஹோமில் ஒரு காப்பி போட்டுவிடலாமே சார்” என்றார் அங்கிருந்த தம்பி. தாம்பரத்தில் குடியிருப்பவர் கிண்டியில் நிற்கிறார் என்பதற்காக அவர் வீட்டுச் சாமான்களைக் கிண்டிக்குக் கொண்டுபோக முடியாது.

லினக்ஸில் கேட்கவேண்டிய இடம் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி: ஓடும் நிரலின் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் (குறியீட்டு இணைப்பு). இணைப்பு சுட்டும் பாதையைத் தரும் ரீட்லிங்க் கொண்டு அதைப் படியுங்கள். சரம் முடிந்ததைக் காட்டும் நல் எழுத்தை அது சேர்க்காது, நீங்கள்தான் சேர்க்கவேண்டும். பாதையை வாங்கிவைக்கும் பஃபர் சிறியதாக இருந்தால் சத்தமின்றி வெட்டிவிடும், ஆகவே திரும்பிவரும் எண் பஃபரின் அளவுக்குச் சமமானால் பெரிதாக்கி மறுபடி படியுங்கள். சி++17 வைத்திருப்பவர்களுக்கு ஃபைல்சிஸ்டம் நூலகத்தின் ரீட்_சிம்லிங்க் இந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளும். நிரல் ஓடும்போதே அதன் கோப்பு அழிக்கப்பட்டால் பாதையின் வாலில் அடைப்புக்குறிக்குள் ‘டிலீட்டட்’ என்று ஒட்டிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ராக் மவுன்ட் ஆகாத சீரூட்டில் (நிரலுக்கு வேறொரு கோப்பகத்தையே ரூட்டாகக் காட்டும் சூழலில்) படிக்க முடியாது; அப்போது பிழையைச் சொல்லி நிறுத்துங்கள், ஆர்க்வி[0]-க்குத் திரும்பிப் போகாதீர்கள். பைத்தான் ஸ்கிரிப்டுக்கு இந்த வழி பொருந்தாது: அங்கே வருவது ஸ்கிரிப்டை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரின் பாதை.

ஒப்படைக்கும் முன், தயவுசெய்து வேறொரு கோப்பகத்துக்குப் போய், வெறும் பெயரால் ஒருமுறையும் சிம்லிங்க் வழியாக ஒருமுறையும் க்ரானிலிருந்து ஒருமுறையும் இயக்கிப் பாருங்கள்.