மாஸ்டிஃப் வேட்டைநாய் அல்ல, காவல் நாய்

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நாய்க்குட்டி விற்கும் ஒரு கடையின் பலகையில் 'மாஸ்டிஃப் வேட்டைநாய்க் குட்டிகள் கிடைக்கும்' என்று எழுதியிருக்கிறது. செய்தித்தாள்களிலும் அதே சொல்தான். போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையிலும் அதையே படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் மானுஸ் என்றால் கை. கைக்குப் பழகியது, சாதுவானது என்ற பொருளில் மான்சுவேட்டுஸ். அதன் வழியாகப் பழைய பிரெஞ்சில் மாஸ்டின் வந்தது, ஆங்கிலத்தில் மாஸ்டிஃப். கைக்கு அடங்கி வீட்டோடு கிடக்கும் நாய், அவ்வளவுதான். இதில் வேட்டை எங்கே இருக்கிறது?

வேட்டைநாய் என்ற சொல்லுக்கு நம்மிடமே சொந்தக்காரர்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம். ஒடிசலான உடம்பு, நீண்ட கால், முயலைக் கண்டதும் பாய்ச்சல். மாஸ்டிஃபின் கிளையான புல்மாஸ்டிஃப் கடுவனோ 50 கிலோவுக்கு மேல் இருக்கும். நாலு வரப்பு தாண்டுமுன் அதற்கு மூச்சு வாங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் மனதில் எந்த நாய் வந்து நிற்கும்?

தமிழாசிரியரான என் நண்பர் 'கடிநாய்' என்று எழுதச் சொல்கிறார். கடி என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பத்துப் பொருள்களில் காப்பும் ஒன்று. பகைவர் வெட்டிவிடாமல் காத்த மரம் கடிமரம் அல்லவா என்பது அவர் வாதம். இலக்கணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கடிமரம் இன்று யார் வாயில் இருக்கிறது? தக்கலைச் சந்தையில் நின்று கடிநாய் என்று சொன்னால், ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். பழம்பொருள் ஏட்டில் இருக்கிறது என்பதற்காக இன்றைய காதை ஏமாற்றக்கூடாது.

அதைவிடப் பெரிய குறை, கடிநாய் என்ற பெயர் நாயின் குணத்துக்கே நேர் எதிராகப் போகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்ணைக் காடுகளில் இரவில் திருட்டு வேட்டை நடந்தது. அதைத் தடுக்க மாஸ்டிஃபையும் புல்டாக்கையும் கலந்து காவலர்கள் வளர்த்த நாய்தான் புல்மாஸ்டிஃப். திருடனைக் கீழே தள்ளி, கடித்துக் குதறாமல், காவலர் வரும்வரை அமுக்கி வைத்திருப்பதுதான் அதன் வேலை. 1924இல் அங்கு நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. வேட்டைத் திருடனைப் பிடித்த நாயை வேட்டைநாய் என்பது, போலீஸ்காரரைத் திருடன் என்பதற்குச் சமம்.

குலசேகரம் பக்கம் என் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் ஒரு புல்மாஸ்டிஃப் உண்டு. விடியுமுன் தலைவிளக்கோடு புதிதாகப் பால்வெட்ட வந்தவரை அது ஒற்றையடிப் பாதையில் மறித்தது. குரைக்கவில்லை. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் நகர்ந்தது. மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விலகி, திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நிற்றலுக்குக் காவல் என்றுதான் பெயர்.

'பாதுகாப்பு நாய்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். காவல்காரன், காவல்மாடம், தோப்புக்காவல் என்று சொல்லும்போது அங்கே ஒருவர் கண்விழித்து நிற்பது தெரிகிறது. பாதுகாப்பில் யாரும் தெரியவில்லை. எங்கள் விளவங்கோட்டுப் பேச்சில் நாய் என்றால் பட்டி. காவல்பட்டி என்று எழுத எனக்கு ஆசைதான். தோவாளைப் பக்கம் போனாலே அதை ஆட்டுப்பட்டி என்று நினைத்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், நாயைப் பார்ப்பதில்லை. அந்தத் தவறு தாளோடு நிற்பதும் இல்லை. வேட்டைநாய் என்று நம்பி வாங்கியவர் அதைப் பைக்கின் பின்னால் வெயிலில் ஓடவிடுகிறார். குட்டை மூக்கு நாய்க்கு அதில் மூச்சுத் திணறும். தின்ற கையோடு ஓடவிடவே கூடாது. இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தீனியை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடவேண்டும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை பெய்யும் நம் மாவட்டத்தில் முகமடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகும். உலர்ந்த துணியால் தினமும் துடைக்கவேண்டும்.

கடைக்காரரிடம் பலகையை மாற்றச் சொன்னேன். "அண்ணே, வேட்டைண்ணு போட்டாதான் குட்டி போகும்" என்றார். வாங்குகிறவரிடம், பைக் பின்னால் ஓடவிடாதீர்கள் என்றாவது சொல்லச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.