நோட்டரி முத்திரை எதுவரை செல்லும்?

நோட்டரி சீல் விழுந்துவிட்டால் சான்றிதழ் எந்த நாட்டிலும் செல்லும் என்று நம்பித்தான் பலர் என் அலுவலகப் படியேறுகிறார்கள். விசா நேர்காணலுக்கோ வேலையில் சேரவோ சில நாட்களே இருக்கும்போது அந்த நம்பிக்கை உடைவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி நான் பல வேலைகள் செய்யலாம். வெளிநாடு போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சான்றளிப்பது இரண்டைத்தான்: இந்த நகல் நான் பார்த்த ஒரிஜினலோடு ஒத்திருக்கிறது, இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே கொடுத்ததா என்று நான் சொல்ல முடியாது. மஸ்கட்டிலோ ரோமிலோ இருக்கும் அதிகாரிக்கு என் கையெழுத்தும் தெரியாது.

அதனால்தான் மேலே படிகள் இருக்கின்றன. கல்விச் சான்றிதழையும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களையும் முதலில் மாநில அரசின் உரிய துறை சரிபார்க்க வேண்டும். வணிக ஆவணங்களுக்கு வர்த்தக சபை. பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். இதற்காக டெல்லி வரை போக வேண்டியதில்லை, சென்னையிலேயே நடக்கிறது. அமைச்சகம் நேரடியாக வாங்குவதில்லை, அது நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்பதற்காக அமைச்சகம் ஒட்டித் தரும் சான்று ஸ்டிக்கர்தான் அப்போஸ்டில். அதற்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால், எந்தப் படிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

இனி நாடு. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் ஒட்டினால் போதும், தூதரகம் போக வேண்டாம். இந்தியாவில் இது 2005 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. வளைகுடாவில் ஓமன், பஹ்ரைன் ஏற்கெனவே உண்டு. சவூதி அரேபியா 2022 டிசம்பரில் சேர்ந்தது. துபாய், அபுதாபி அடங்கிய அமீரகமும் கத்தாரும் குவைத்தும் இதில் இல்லை. அங்கே போகிறவர்கள் அமைச்சகத்தின் அட்டஸ்டேஷனுக்கு (சான்றொப்பத்துக்கு) பின் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வாங்க வேண்டும். ஜெர்மனி விஷயத்தில்தான் நன்றாகப் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மனி உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு அது ஆட்சேபம் தெரிவித்திருப்பதால், இந்திய அப்போஸ்டில் அங்கே எடுபடாது. பட்டியலில் நாட்டின் பெயர் இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சில இடங்களுக்கு இது எதுவுமே தேவைப்படாது. குடியேற்றத்துக்காகப் படிப்பை மதிப்பிடும் அமைப்புகள் பலவும் மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன. அங்கே அப்போஸ்டில் ஒட்டிய சான்றிதழை நீங்கள் அனுப்பினாலும் பயனில்லை. ஆகவே என்னிடம் வருமுன், ஆவணத்தைக் கேட்டவரிடம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒரிஜினலா நகலா, எந்த முத்திரை, எந்த மொழி, எத்தனை மாதத்துக்குள் வாங்கியது? நண்பர் போன வருடம் செய்தது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

அடுத்தது பெயர். நம் இனிஷியல் முறையால் வரும் சிக்கல் இது. பட்டத்தில் 'முருகன் க.', பாஸ்போர்ட்டில் 'முருகன் கருப்பையா', பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் வெறும் 'ஆண் குழந்தை'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். அயல்நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். 'இருவரும் ஒருவரே' என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறேன். சில இடங்களில் ஏற்கிறார்கள், சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த ஆவணத்தில் பிழையோ அங்கேயே திருத்துவதுதான் உறுதியான வழி. குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

சான்றிதழுக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். முத்திரைகள் பெரும்பாலும் ஒரிஜினலின் பின்பக்கத்தில் விழுபவை. பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து உரிந்துவிட்டால், டூப்ளிகேட்டுக்காகப் பல்கலைக்கழக வாசலில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் கையெழுத்திட்டு அனுப்பிய தாளைக் கொண்டுவந்து, "என் பையன் கையெழுத்துதாங்க, சீல் மட்டும் போடுங்க" என்று கேட்கும் பெற்றோரின் அவசரம் எனக்குப் புரிகிறது. என் முன்னால் இடாத கையெழுத்துக்கு நான் சான்று தர முடியாது. தருகிற நோட்டரி உங்களுக்கு உதவி செய்யவில்லை, பின்னால் அந்த ஆவணமே கேள்விக்குள்ளாகும். மகன் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ அந்நாட்டு நோட்டரியிடமோ கையெழுத்திடட்டும். நோட்டரி சீலிலும் பெயர், பணிப் பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எல்லாம் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேலை முடிந்து ஏஜென்ட் ஆவணத்தைக் கையில் தந்ததும், அப்போஸ்டில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். போலி ஸ்டிக்கராக இருந்தால், விமானம் ஏறுமுன் இங்கேயே தெரிந்துவிடும்.